வேர் கட்டிய நிலம்

கடலோர உவர் சதுப்பில் ஆகரை (மண்ணைத் துளைத்தெடுக்கும் கருவி) இறக்கி மண்ணை மேலே எடுத்ததும் நான் முதலில் செய்வது, ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பிழிவதுதான். தெளிந்த நீர் வழிந்தால் உள்ளே இருக்கும் வேரும் தண்டும் இன்னும் மக்கவே இல்லை. கலங்கிய பழுப்பு நீர் வந்தால் பாதி மக்கியிருக்கிறது. நீரோடு சேர்ந்து மண்ணும் கூழாக விரலிடுக்கில் பிதுங்கி, கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் முழுக்க மக்கிவிட்டது. சுவீடனைச் சேர்ந்த லென்னார்ட் வான் போஸ்ட் 1920களில் இந்தப் பிழிந்து பார்க்கும் முறையை 1 முதல் 10 வரை படிகளாக வகுத்துக் கொடுத்தார். களத்தில் நின்றுகொண்டு செய்வதற்கு இதைவிட விரைவான சோதனை எனக்குத் தெரியாது.

மண் ஆய்வு என் வேலை. பலவகை நிலங்களில் குழி வெட்டியிருக்கிறேன். ஆனால் ஓதம் (நாள்தோறும் பெருகி வடியும் கடல்நீர்) ஏறி இறங்கும் சதுப்பின் அங்கக மண் (செடிகளின் மிச்சம் நிறைந்த மண்) மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதைப் பற்றி எழுத நினைத்ததற்குக் காரணம், அந்த நிலத்தைப் பார்க்க வருகிறவர்களில் பலர் மேலே இருக்கும் புல்லைக் குறித்துக்கொண்டு, கீழே இருப்பதைச் 'சேறு' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போவதுதான். அங்கே நிலமாக நிற்பதே அந்தப் புல்லின் வேர். அந்த வேரை மக்கவிடாமல் வைத்திருப்பது நீர். வேரைக் கெடுத்தாலும் சரி, நீரை வடித்தாலும் சரி, நிலமே கையைவிட்டுப் போகும்.

எந்த மண்ணை அங்கக மண் என்பது? அமெரிக்க மண் வகைப்பாடு இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. நீர் தேங்கி நிற்கும் மண்ணில் களிமண்ணே இல்லையென்றால் அங்ககக் கரிமம் எடையில் 12 விழுக்காடாவது இருக்க வேண்டும். களிமண் 60 விழுக்காட்டை எட்டினால் 18 விழுக்காடு வேண்டும். இடைப்பட்டவற்றுக்கு இடைப்பட்ட அளவு. இத்தகைய அடுக்கு பொதுவாக 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அது 'ஹிஸ்டோசால்' என்ற பெருவகைக்குள் வரும். அதன்பிறகு நார் எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு சிட்டிகை மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பத்து முறை தேய்த்த பிறகும் முக்கால் பங்கு நாராகவே நின்றால் 'ஃபைப்ரிக்'. ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போனால் 'சாப்ரிக்'. நடுவில் இருப்பது 'ஹெமிக்'. உவர் சதுப்பில் நான் அதிகம் சந்திப்பது இந்த நடு வகைதான். வேர் என்று அடையாளம் தெரியும், ஆனால் இழுத்தால் அறுந்துவிடும்.

எல்லா உவர் சதுப்பும் அங்கக மண் கொண்டதல்ல. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆறுகளும் கடலும் வண்டலை அள்ளிக் கொட்டும் கரைகளில், புல் எவ்வளவு செழித்தாலும் வண்டல் அதை மிஞ்சிவிடும். அங்கே கிடைப்பது சாம்பல் நிறக் கனிம மண். வட ஐரோப்பாவின் வாடன் கடலோரச் சதுப்புகளும் கனடாவின் ஃபண்டி விரிகுடாச் சதுப்புகளும் பெரும்பாலும் இப்படித்தான். வண்டல் வரத்து குறைந்த கரையில் கதை வேறு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடற்கரையில் ஆறுகள் கொண்டுவரும் வண்டல் குறைவு, ஆகவே சதுப்பு தன்னைத் தானே வேரால் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதி மண் வரைபடங்களில் 'இப்ஸ்விச்' என்ற மண் தொடரில் அங்கக அடுக்கு 130 சென்டிமீட்டருக்கு மேல் போகும். 'மட்டுனக்' தொடரிலோ 20 முதல் 40 சென்டிமீட்டர் வேர்ப்படலத்துக்குக் கீழே நேராக மணல் வந்துவிடும். மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே புல்வெளிதான்.

ஒரே சதுப்புக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஓதநீர் ஓடையின் கரையைத் தாண்டி வழியும்போது வேகம் குறைந்து, கொண்டுவந்த வண்டலைக் கரையருகிலேயே போட்டுவிடும். அதனால் ஓடைக்கரை கொஞ்சம் மேடாகவும் கனமாகவும் இருக்கும். உள்ளே போகப் போகத் தெளிந்த நீர்தான் சேர்கிறது. அங்கேதான் அங்கக மண் தடிக்கும். நாளுக்கு இருமுறை மூழ்கும் தாழ்ந்த பகுதியில் ஒருவகை மண், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்துக்கு மட்டும் நனையும் உயர்ந்த பகுதியில் வேறுவகை மண்.

இதன் எடையைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. சாதாரண வயல் மண் ஒரு கன சென்டிமீட்டர் உலர்ந்த நிலையில் 1.2 முதல் 1.5 கிராம் இருக்கும். சதுப்பின் அங்கக மண் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 கிராம்தான். கொள்ளளவில் 80, 90 விழுக்காடு வெறும் நீர். பழைய தேங்காய் நார் மெத்தை கடல்நீரில் ஊறிக் கிடப்பதாக நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். மேலே உயிருள்ள வேர் பின்னிய அடுக்கு இருக்கும்வரை அதன்மேல் நடக்கலாம், லேசாக அதிரும். புல் செத்து வழுக்கையாகிப்போன திட்டில் கால் வைத்தால் தொடைவரை இறங்கும். கீழே இருக்கும் மண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தாங்கியது வேர்.

எடை விஷயத்தில் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கன சென்டிமீட்டர் மண்ணில் 0.1 கிராம் திடப்பொருளும் 0.85 மில்லிலிட்டர் கடல்நீரும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அடுப்பில் உலர்த்தினால் நீர் போய்விடும், உப்பு சுமார் 0.03 கிராம் அங்கேயே தங்கும். உலர்ந்த எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உப்பு! அதைக் கழிக்காமல் அடர்த்தியையோ கரிம விழுக்காட்டையோ கணக்கிட்டால் இரண்டுமே தப்பாகத்தான் வரும். வயல் மண்ணில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இங்கே கவலைப்பட்டே ஆக வேண்டும்.

அதேபோல் கரிமம் அளக்க வாக்லி-பிளாக் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக் கூடாது. அந்த முறையில் கரிமத்தை ஆக்சிஜனேற்றும் டைகுரோமேட் எவ்வளவு செலவானது என்பதை வைத்துத்தான் கரிமத்தைக் கணிக்கிறோம். உவர் மண்ணில் இருக்கும் குளோரைடு, சல்ஃபைடு, ஃபெரஸ் இரும்பு மூன்றுமே டைகுரோமேட்டைத் தின்னும். அவ்வளவும் கரிமக் கணக்கில் ஏறிவிடும். 550 டிகிரி செல்சியஸில் எரித்து எடை இழப்பைப் பார்ப்பதோ தனிமப் பகுப்பாய்வுக் கருவியோ மேல். எரிப்பு முறையிலும் களிமண்ணில் கட்டுண்ட நீர் வெளியேறுவதால் கரிமம் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், ஆனால் களி குறைந்த பீட் மண்ணில் (முழுதாக மக்காத வேரும் தண்டும் சேர்ந்த அங்கக மண்) அது பெரிய தொல்லை இல்லை.

இனி வேர். அமெரிக்கக் கடலோரச் சதுப்புகளில் எடுத்த ஆயிரக்கணக்கான மாதிரிகளை வைத்து 2016இல் ஒரு கணக்கு வெளியானது. அங்ககப் பொருள் மட்டும் தனியாக அடைந்து கிடந்தால் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.085 கிராம். கனிமம் மட்டும் என்றால் சுமார் 1.99 கிராம். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் வண்டல் அரை கன சென்டிமீட்டர் இடத்தை நிரப்பும், ஒரு கிராம் வேர் கிட்டத்தட்ட 12 கன சென்டிமீட்டர் இடத்தை நிரப்பும். இருபது மடங்குக்கு மேல். கடல் மட்டம் உயரும்போது சதுப்பும் உயர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் மூழ்கிவிடும். அந்த உயரத்தை மலிவாகக் கொடுப்பது வேர்தான். அதுவும் மேலே உதிரும் இலையால் பெரிய பயன் இல்லை. அதில் பெரும்பகுதியை ஓதம் அள்ளிக்கொண்டு போய்விடும், மிஞ்சியதும் காற்றுபட்டு விரைவில் மக்கிவிடும். மண்ணுக்குள்ளேயே வளர்ந்து மண்ணுக்குள்ளேயே சாகும் வேரும் வேர்த்தண்டும்தான் நிலத்தைக் கட்டுகின்றன.

இந்த வேர்களைப் படிக்கவும் முடியும். என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். தாழ்ந்த பகுதியில் வளரும் ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃப்ளோரா என்ற புல்லின் வேர்த்தண்டு தடித்தது, உள்ளீடற்றது. உயர்ந்த பகுதியில் வளரும் ஸ்பார்ட்டினா பேட்டன்ஸ் மெல்லிய கம்பி போன்ற வேர்களை நெருக்கமாக விடும். நூற்றாண்டுகள் கழித்தும் பீட் மண்ணில் இவற்றைப் பிரித்து அறியலாம். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு மையத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு (கடலின் மிதவை உயிர்களில் கரிமம், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் இருக்கும் விகிதத்துக்குப் பெயர் கொடுத்த அதே ரெட்ஃபீல்டு) மாசசூசெட்ஸின் பார்ன்ஸ்டபிள் சதுப்பில் பீட் மண்ணின் ஆழத்தையும் வயதையும் அளந்து 1972இல் விரிவாக எழுதினார். ஏறக்குறைய 4,000 ஆண்டு வரலாறு அந்த மண்ணில் இருக்கிறது. உயர் ஓத மட்டத்தை ஒட்டி மட்டுமே வளரக்கூடிய புல்லின் வேர், இன்றைய ஓத மட்டத்துக்குப் பல மீட்டர் கீழே கிடைக்கிறது. அந்தப் புல் ஆழத்தில் வளரவில்லை. கடல் மெல்ல உயர்ந்தது, சதுப்பு தன் பழைய வேர் மேலேயே புது வேர் விட்டு அதோடு சேர்ந்து உயர்ந்தது. ஆகரில் வரும் நீளத் துண்டைக் கீழிருந்து மேலாக விரலால் தடவிப் போகும்போது, கடல் மட்டம் உயர்ந்த வரலாற்றையே தொட்டுக்கொண்டு போகிறோம். மண்ணில் புதைந்த ஃபொராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகளின் ஓடுகளை நுண்ணோக்கியில் எண்ணினால் அந்த மட்டத்தை இன்னும் நுட்பமாகச் சொல்லலாம். ஒவ்வோர் இனமும் ஓத வரம்பில் தனக்கென ஓர் உயரத்தில் வாழ்கிறது.

இவ்வளவு வேர் ஏன் மக்காமல் கிடக்கிறது? ஆக்சிஜன் இல்லை என்பதுதான் சுருக்கமான பதில். ஊறிய மண்ணில் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்புறம் நுண்ணுயிர்கள் சுவாசிக்க ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பிடிக்கும், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு. இவை எல்லாம் அங்கக மண்ணில் கொஞ்சமே இருக்கும். அடுத்தது சல்ஃபேட். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது, ஒவ்வொரு பெரிய ஓதமும் புதிதாகக் கொண்டுவருகிறது. ஆகவே இந்த மண்ணில் மக்கும் வேலையின் பெரும்பங்கைச் சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களே செய்கின்றன. அதன் கழிவு ஹைட்ரஜன் சல்ஃபைடு. சதுப்பில் அடிக்கும் அழுகிய முட்டை வாடை அதுதான்.

அந்த வாடையை நான் குறித்துக்கொள்வது உண்டு, அதில் செய்தி இருக்கிறது. மண்ணில் இரும்பு போதுமான அளவு இருந்தால் சல்ஃபைடு அதோடு சேர்ந்து கறுப்பு இரும்புச் சல்ஃபைடாகிவிடும், வாடை குறையும். வண்டல் நிறைந்த சதுப்பில் இதுதான் நடக்கும். வேர் மண்ணில் இரும்பு குறைவு. சல்ஃபைடு கட்டுப்படாமல் நீரிலேயே தங்கி, வேருக்கே நஞ்சாகும், நைட்ரஜனை உறிஞ்சவிடாமல் தடுக்கும். புல் இதைத் தாங்க ஒரு வழி வைத்திருக்கிறது. தண்டிலும் வேரிலும் இருக்கும் காற்றறைகள் வழியாக ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோய், வேரைச் சுற்றி மெல்லிய ஓர் ஆக்சிஜன் உறையை உண்டாக்கிக்கொள்கிறது. மண்ணை உடைத்துப் பார்த்தால் உயிருள்ள வேரைச் சுற்றித் துரு நிறத்தில் இரும்புப் படலம் தெரியும். கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவே அந்தச் செம்மை தெரிந்தால் எனக்கு மகிழ்ச்சி, அங்கே வேர் வேலை செய்துகொண்டிருக்கிறது.

சல்ஃபேட் தாராளமாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய உணவைச் சல்ஃபேட் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு தின்றுவிடும். நன்னீர்ச் சதுப்பில் மீத்தேன் நிறைய வெளியேறும். ஆயிரத்துக்கு 18 பங்குக்கு மேல் உப்பு உள்ள சதுப்பில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. கரிமத்தைப் புதைக்கும் வேலையோ தொடர்கிறது. உலகளவில் சராசரியாக ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் கரிமம் புதைகிறது என்று கணிக்கிறார்கள்.

இப்போது வடிகால் வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மண்ணுக்கு நேரும் பெரிய கேடு அதுதான். கொசுவை ஒழிக்க, புல் அறுக்க, கட்டடம் கட்ட என்று உலகெங்கும் சதுப்புகளில் கரை எழுப்பி ஓதத்தைத் தடுத்திருக்கிறார்கள், வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். நீர் இறங்கியதும் மண் முதலில் தன் எடையாலேயே அமுங்கும். பிறகு உலர்ந்து சுருங்கும். அதன்பிறகு காற்று புகுந்து, நூற்றாண்டுகளாகக் காத்து வைத்த வேர் மக்கிக் கரியமில வாயுவாகப் போகும். முழுக்க உலர்ந்த பீட் மண் மறுபடி பழையபடி நீரை ஏற்பதும் இல்லை. நிலம் தாழ்ந்துகொண்டே போகும், வெளியே கடல் உயர்ந்துகொண்டே போகும்.

தாழ்வதைக் கண்ணால் பார்க்கலாம். அமிலத்தைப் பார்க்க முடியாது. நீர் நிறைந்த காலத்தில் சேர்ந்த சல்ஃபைடில் ஒரு பங்கு பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாக உறங்கும். அதனால் ஒரு தொல்லையும் இல்லை, மண்ணின் பிஎச் (அமில அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) நடுநிலையான 7ஐ ஒட்டியே இருக்கும். காற்று பட்டால் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகும். ஒரு கிலோ பைரைட் முழுதாக மாறினால் சுமார் 1.6 கிலோ கந்தக அமிலம். அதைச் சமன் செய்யக் கிட்டத்தட்ட 1.7 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். சிப்பி ஓடு கலந்த வண்டல் மண்ணில் அந்தச் சுண்ணாம்பு ஓரளவு இயல்பாகவே இருக்கும். வேர் மண்ணில் அது அநேகமாக இல்லை. பிஎச் 4க்கும் கீழே, சில நேரம் 3க்கும் கீழே சரியும். வைக்கோல் மஞ்சள் நிறத்தில் ஜாரோசைட் என்ற கனிமத்தின் புள்ளிகள் தோன்றும். அலுமினியம் கரைந்து ஓடைக்குள் போகும், மீன் சாகும்.

மாசசூசெட்ஸின் வெல்ஃபிலீட்டில் ஹெர்ரிங் ஆற்று முகத்தில் 1909இல் ஒரு அணை எழுப்பி ஓதத்தைத் தடுத்தார்கள். மேலே சொன்னது எல்லாம் அங்கே நடந்தது. சதுப்பு தாழ்ந்தது, மண் அமிலமானது, ஆற்றில் மீன்கள் செத்தன.

வடிகால் இல்லாமலும் வேரைக் கெடுக்கலாம். அதே மாநிலத்தின் பிளம் தீவுச் சதுப்பில் ஓதநீரில் நைட்ரஜன் உரத்தைச் சேர்த்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். புல் மேலே செழித்தது. கீழே வேர் குறைந்தது. உணவு தேடி அலைய வேண்டிய தேவை இல்லாத புல், வேருக்குச் செலவழிக்கவில்லை. மக்கும் வேகமும் கூடியது. ஓடைக்கரைகள் விரிசல் விட்டு இடிந்து விழுந்தன. பச்சையை மட்டும் பார்த்துச் சதுப்பு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சதுப்பு மண்ணைத் தோண்டி எடுக்கும் எந்தத் திட்டமானாலும் நான் கேட்பது ஒரு எளிய சோதனை. மண்ணை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஈரமாகவே, காற்றுபடும்படி சில மாதங்கள் வைத்து, பிஎச் எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். அன்றைக்கு எடுத்த ஈர மண்ணின் பிஎச் 7 என்று அறிக்கையில் எழுதினால் அது உண்மைதான், ஆனால் அந்த மண்ணைப் பற்றி அது எதையுமே சொல்லவில்லை. பொறுமை இல்லாதவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பார்க்கலாம். பைரைட் இருந்தால் பொங்கிப் புகைந்து பிஎச் உடனே விழும். ஆனால் அங்ககப் பொருளும் பெராக்சைடோடு பொங்கும், அதனால் பீட் மண்ணில் பொங்குவதை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது, பிஎச்சை அளக்க வேண்டும்.

ஹெர்ரிங் ஆற்றில் ஓதத்தை மீண்டும் உள்ளே விடும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். கடல்நீர் திரும்பினால் சல்ஃபேட் பாக்டீரியாக்கள் மறுபடி வேலையைத் தொடங்கி அமிலத்தைத் தணிக்கும், பிஎச் ஏறும். அதே நேரத்தில் மண்ணில் ஒட்டியிருந்த அம்மோனியமும் இரும்பும் நீரில் இறங்கும். தாழ்ந்துபோன நிலத்தில் ஓதத்தை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் புல் வேர் பிடிக்கும் முன்பே மூழ்கிவிடும், ஆகவே ஓதத்தை உள்ளே விடும் கதவைச் சிறிது சிறிதாகத்தான் உயர்த்த வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் புல் திரும்பிவிட்டதா என்பதோடு நிறுத்தாமல், ஆண்டுதோறும் ஒரே இடத்தில் மேற்பரப்பின் உயரத்தையும், மேல் 30 சென்டிமீட்டரில் உயிருள்ள வேரின் எடையையும் அளந்துகொண்டே வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.